பதின்பருவ உறக்கமும் உடல் எடையும்: நீலகிரிப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பதினைந்து வயதுப் பிள்ளையின் எடை கூடிக்கொண்டே போகிறது என்று கவலைப்படும் பெற்றோர் முதலில் அவனுடைய தட்டைத்தான் பார்க்கிறார்கள். அடுத்து, விளையாடப் போவதில்லையே என்று குறைப்படுகிறார்கள். இரவு எத்தனை மணிக்கு உறங்குகிறான் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. நீலகிரி மாவட்டப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாகப் பணியாற்றி வருபவள் என்ற முறையில் நான் பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: தட்டில் இருப்பதைக் குறைப்பதற்கு முன் உறக்கத்தைச் சரிசெய்யுங்கள். நான் பார்த்த வீடுகள் பலவற்றில், பிள்ளை உறக்கத்தை இழக்கும் நேரமும் தேவைக்கு மேல் சாப்பிடும் நேரமும் ஒரே நேரமாக, இரவு பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடைப்பட்டதாகவே இருந்திருக்கின்றன. இந்த வழிகாட்டி 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கானது.

உறக்கம் எடையை எப்படிப் பாதிக்கிறது

அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரையின்படி, 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தால், ஆறு மணி நேரம் உறங்குவதையே நல்ல உறக்கமாகக் கருதுபவர்கள் ஏராளம்.

உறக்கம் குறையும்போது பசியின் கணக்கு மாறுகிறது. போதும் என்ற உணர்வைத் தரும் லெப்டின் என்னும் இயக்குநீரும், பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் இயக்குநீரும் நம் உடலில் சுரக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், 12 இளைஞர்கள் இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க அனுமதிக்கப்பட்டபோது, பத்து மணி நேரம் படுத்திருந்த நாள்களோடு ஒப்பிட லெப்டின் 18 சதவீதம் குறைந்தும், கிரெலின் 28 சதவீதம் கூடியும் இருந்தன. இனிப்பு, உப்பு நொறுக்குத்தீனி, மாவுப்பண்டம் ஆகியவற்றின் மீதான நாட்டமே அவர்களிடம் அதிகமாகக் கூடியது. அது சிறிய ஆய்வுதான். ஆயினும், பதின்பருவத்தினரையே வைத்து அமெரிக்காவின் சின்சினாட்டியில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்விலும், சில இரவுகள் ஆறரை மணி நேரம் மட்டுமே படுக்கையில் இருந்த பிள்ளைகள் பத்து மணி நேரம் படுத்திருந்த நாள்களைவிட இனிப்புப் பண்டங்களைக் கூடுதலாக உண்டனர்.

இதோடு வேறு காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. விழித்திருக்கும் நேரம் நீளும்போது உண்பதற்கான வாய்ப்பும் நீள்கிறது. மறுநாள் அலுப்பினால் உடல் அசைவு குறைகிறது. தொடர்ந்து உறக்கம் கெட்டால் இன்சுலின் செயல்படும் திறனும் குறைகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். குறைவாக உறங்கும் பிள்ளைகளிடம் உடல் பருமன் அதிகம் காணப்படுகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டினாலும், ஒவ்வொரு பிள்ளையின் எடைக்கும் உறக்கமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மரபு, உணவு, மருந்துகள், மனநிலை, வீட்டுச் சூழல் எல்லாம் இதில் பங்கு வகிக்கின்றன. சில பிள்ளைகளுக்கு எடை கூடியதனாலேயே மூச்சுத் தடைப்பட்டு உறக்கம் கெடுகிறது. ஆகவே உறக்கத்தைச் சரிசெய்தால் எடை தானாகவே இறங்கிவிடும் என்று யாரும் வாக்களிக்க முடியாது. மற்ற முயற்சிகள் எல்லாம் பலன் தருவதற்கு உறக்கம் துணை நிற்கும் என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

முதல் படி: இரண்டு வாரக் குறிப்பேடு

எதையும் மாற்றுவதற்கு முன், நடப்பதை எழுதுங்கள். பழைய நோட்டு ஒன்றில், படுத்த நேரம், தோராயமாக உறங்கிய நேரம், எழுந்த நேரம், மாலை ஆறு மணிக்குப் பின் உண்டதும் குடித்ததும், பகலில் தூங்கிய நேரம் ஆகியவற்றைப் பிள்ளையே எழுத வேண்டும். பெற்றோர் எழுதினால் அது கண்காணிப்பாகிவிடும். பிள்ளை எழுதினால் அவனுக்கே தன் இரவு புலப்படும். சனி, ஞாயிறு நாள்களை விட்டுவிடக் கூடாது.

இந்தக் குறிப்பேடு எதைக் காட்டும் என்பதற்கு, குன்னூர் வட்டத்தில் எஸ்டேட் தொழிலாளர்களுக்கான லயன் வீட்டில் வசிக்கும் ஒரு மாணவனின் நோட்டைச் சொல்லலாம். பச்சைத் தேயிலை வரத்து மிகுந்திருந்த மாதங்களில் அவனுடைய தந்தைக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட். இரவு எட்டு மணிக்கு அம்மாவுடனும் தங்கையுடனும் சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்கு மேல் அப்பா வந்து சோற்றைச் சூடாக்கி உட்காரும்போது அவரோடு அவனும் உட்கார்ந்திருக்கிறான். எட்டு மணிக்கு நேரே "சோறு, அவரைக் குழம்பு" என்றும், பதினொன்றரைக்கு நேரே "அப்பாகூட கொஞ்சம் சோறு, அப்பளம், டீ" என்றும் பல இரவுகளில் எழுதப்பட்டிருந்தது. அவனுடைய அம்மாவை அழைத்துக் காட்டியபோது, "அவங்க அப்பா முகத்தப் பாக்குறதே அந்த நேரத்துலதான் டீச்சர், எப்படி வேணாம்னு சொல்றது?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நேரம் சோற்றுக்கானது மட்டுமன்று, தந்தைக்கும் மகனுக்கும் கிடைத்த ஒரே நேரம். கடைசியில் அவர்கள் செய்த ஏற்பாடு, ஷிப்ட் வாரங்களில் அப்பா காலையில் மகனோடு அமர்ந்து சாப்பிட்டு, பேருந்து நிறுத்தம் வரை உடன் நடப்பது. இரவுச் சாப்பாடு எட்டு மணியோடு நின்றது. குறிப்பேடு இல்லாமல், "ராத்திரி தின்னாதே" என்று மட்டும் சொல்லியிருந்தால் இந்த வழி யாருக்கும் தோன்றியிருக்காது.

இரண்டாம் படி: பேருந்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுதல்

மலையில் பிள்ளை எழும் நேரத்தைப் பெரும்பாலும் பேருந்துதான் தீர்மானிக்கிறது. மஞ்சூர், சோலூர், கொலக்கம்பை போன்ற பக்கங்களில் ஒரு பேருந்தை விட்டால் அடுத்தது வெகுநேரம் கழித்தே வரும். ஆகவே கணக்கை அங்கிருந்தே தொடங்க வேண்டும். பேருந்து 7.15க்கு என்றும், நிறுத்தத்துக்கு இருபது நிமிட நடை என்றும் வைத்துக்கொண்டால், குளித்து, சாப்பிட்டுக் கிளம்ப 6 மணிக்கு எழ வேண்டும். எட்டரை மணி நேர உறக்கத்துக்கு 9.30க்கு உறங்கியிருக்க வேண்டும், அதற்கு 9.10க்குப் படுக்கையில் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு தடை உண்டு. அது பிள்ளையின் பிடிவாதம் என்று எண்ணிவிடக் கூடாது. பருவமடையும் காலத்தில், உறக்கத்தை வரவழைக்கும் மெலட்டோனின் சுரப்பு முன்பைவிட ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை தாமதமாகத் தொடங்குகிறது. ஒன்பது மணிக்கு உறக்கம் வரவில்லை என்று பிள்ளை சொன்னால் அது பெரும்பாலும் உண்மையே. எனவே பதினொன்றரைக்கு உறங்கிப் பழகியவனை ஒரே நாளில் ஒன்பதரைக்குப் படுக்க வைக்க முயன்றால், இருட்டில் இரண்டு மணி நேரம் புரண்டுகொண்டிருப்பான். மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னதாகக் கொண்டுவந்தால், ஒரு மாதத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலும் முன்னகர்த்த முடியும்.

காலையிலும் நிமிடங்களைச் சேமிக்கலாம். புத்தகப் பை, சீருடை, ஸ்வெட்டர், ஷூ எல்லாம் இரவே எடுத்து வைக்கப்பட்டிருந்தால், குளியலை மாலைக்கு மாற்றிக்கொண்டால், காலையில் வெந்நீர் காயக் காத்திருக்கும் நேரமும் மிச்சமாகும். இருபது நிமிடம் கூடுதலாக உறங்க முடிந்தால் அது சிறிய ஆதாயமன்று.

மூன்றாம் படி: காலை வெளிச்சம், ஞாயிற்றுக்கிழமை

உடற்கடிகாரத்தை முன்னால் நகர்த்தும் வலிமை காலை வெளிச்சத்துக்கு உண்டு. சனவரியில் நீலகிரியில் கதிரவன் உதிப்பதே ஏறக்குறைய 6.45க்குத்தான் என்பதால், பிள்ளைகள் இருட்டிலேயே எழுகிறார்கள். எழுந்தவுடன் வீட்டு விளக்குகளை நன்றாக எரியவிட்டு, விடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடமாவது வெளியே நிற்கவோ நடக்கவோ செய்ய வேண்டும். மூடுபனியில் வெளிச்சம் எங்கே என்று கேட்கலாம். மேகமூட்டமான நாளிலும் திறந்தவெளியின் வெளிச்சம் ஆயிரக்கணக்கான லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். வீட்டுக்குள் எரியும் விளக்கு பெரும்பாலும் சில நூறு லக்ஸைத் தாண்டுவதில்லை. பேருந்து நிறுத்தம் வரை நடப்பதே இதற்குப் போதுமானது.

ஞாயிறன்று பதினொரு மணி வரை உறங்கும் பிள்ளைக்குத் திங்கட்கிழமை காலை, வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்திறங்கியவரின் மறுநாளைப் போலாகிவிடுகிறது. வார நாள்களைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதிக்காமல் எழுவது நல்லது. பாக்கி உறக்கம் இருந்தால், பகல் இரண்டு மணிக்கு முன்பாக அரை மணி நேரம் தூங்கட்டும்.

நான்காம் படி: மாலை உணவும் தேநீரும்

தேயிலை விளையும் ஊரில் தேநீரைப் பற்றிப் பேசுவது பலருக்குப் பிடிக்காது. ஆனாலும் பேசியாக வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் ஒன்று, டியூஷனுக்குப் போகும் முன் ஒன்று, குளிருக்கு இதமாக எட்டு மணிக்கு ஒன்று, படிக்கும்போது தூக்கம் வராமலிருக்க இன்னொன்று என்று சர்க்கரை சேர்த்த பால் தேநீர் நாள் முழுவதும் ஓடுகிறது. ஒரு குவளைத் தேநீரில் உள்ள காஃபினில் பாதியை உடல் வெளியேற்ற, பெரியவர்களுக்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. எட்டு மணிக்குக் குடித்தது நள்ளிரவு தாண்டியும் ஓரளவு உடலில் இருக்கும். இதோடு, ஒவ்வொரு குவளையிலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும், தொட்டுக்கொள்ள வர்க்கியும் சேர்ந்தால், ஒரு வேளை உணவுக்கு நிகரான ஆற்றல் யாருடைய கணக்கிலும் வராமல் உள்ளே போகிறது. மாவும் கொழுப்புமாகச் செய்யப்படும் வர்க்கி சுவையான பண்டம். விருந்தினர் வரும்போது உண்ணட்டும், இரவு ஒன்பது மணிக்குப் புத்தகத்தின் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

பிற்பகல் நான்கு மணிக்கு மேல் பிள்ளைக்குத் தேநீர் வேண்டாம் என்பது என் பரிந்துரை. குளிருக்கு இதமாக ஏதேனும் தேவையென்றால் வெந்நீரோ, சுக்கும் மல்லியும் கொதிக்கவைத்த நீரோ, சர்க்கரை சேர்க்காத பாலோ கொடுக்கலாம். இரவு உணவு படுப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன் முடிந்துவிட வேண்டும். அது வயிறு நிறையும் உணவாகவும் இருக்க வேண்டும்: ராகிக் களியோ, சாமைச் சோறோ, அரிசிச் சோறோ, கூடவே அவரையும் பட்டாணியும் போட்ட குழம்பு, தோட்டத்துக் கீரை, முடிந்தால் ஒரு முட்டை. படுகர் வீடுகளில் பாட்டிமார் ஆக்கும் ராகியும் அவரையும் சேர்ந்த உணவு நெடுநேரம் பசி தாங்கும். அதைப் பழைய காலத்துச் சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டு நூடுல்ஸுக்குப் போனவர்கள் திரும்பி வரலாம்.

எடையைக் குறைக்கிறேன் என்று இரவு உணவைத் தவிர்க்கும் பெண் பிள்ளைகளை நான் அதிகம் பார்க்கிறேன். ஏழு மணிக்குத் தட்டைத் தள்ளிவிட்டு, பதினொரு மணிக்குப் பசி தாங்காமல் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிறார்கள். பசியோடு படுத்தால் உறக்கமும் வராது. வளரும் வயதில் பட்டினி கிடப்பது எலும்புக்கும் மாதவிடாய்ச் சுழற்சிக்கும் கேடு. மருத்துவர் சொல்லாமல் எந்த உணவுக் கட்டுப்பாடும் வேண்டாம்.

காலைச் சிற்றுண்டியைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்னதாக உறங்கி முன்னதாக எழும் பிள்ளைக்குக் காலையில் பசிக்கும். அந்தப் பசிக்கு உணவு தயாராக இருந்தால் போதும்.

ஐந்தாம் படி: கைப்பேசி உறங்கும் இடம்

திரையின் வெளிச்சம் மெலட்டோனினைத் தாமதப்படுத்துகிறது என்பது உண்மை. அதைவிடப் பெரிய தொல்லை, அந்தத் திரையில் முடிவே இல்லாமல் ஏதாவது வந்துகொண்டிருப்பது. குளிரில் கம்பளிக்குள் தலையை மூடிக்கொண்டு பார்க்கும் பிள்ளை பார்ப்பதை நிறுத்த எந்தக் காரணமும் இல்லை. வீட்டில் உள்ள எல்லாருடைய கைப்பேசியும், அப்பா அம்மாவுடையது உட்பட, இரவு ஒன்பது மணிக்குச் சமையலறையில் சார்ஜ் ஏறட்டும். அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைத்திருக்கிறேன் என்பார்கள். சாதாரண அலாரக் கடிகாரம் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுங்கள். டியூஷன் குறிப்புகள் வாட்ஸ்அப்பில் இரவு பத்து மணிக்கு வருகின்றன என்றால், அனுப்பும் ஆசிரியரிடம் நேரத்தை மாற்றச் சொல்லிப் பெற்றோர் கேட்க வேண்டும். பிள்ளை கேட்கத் தயங்குவான்.

ஆறாம் படி: படுக்கும் இடம்

குளிர்ந்த அறையில் உறக்கம் நன்றாக வரும். அந்த வகையில் மலைவாழ் மக்கள் கொடுத்து வைத்தவர்கள். உடலை மட்டும் கம்பளியும் காலுறையும் கொண்டு கதகதப்பாக வைத்துக்கொண்டால் போதும். ஆனால் எந்தச் சூழ்நிலையிலும் அடுப்புக்கரியோ விறகுக் கணப்போ மூட்டிய சட்டியை மூடிய அறைக்குள் வைத்துவிட்டு உறங்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்கியபடியே உயிர் போய்விடும். மலைப் பகுதிகளில் இப்படி இறந்தவர்களைப் பற்றிய செய்தி பனிக்காலங்களில் வந்திருக்கிறது.

ஒரே அறையில் நான்கைந்து பேர் படுக்கும் வீட்டில், தொலைக்காட்சி நிற்கும் நேரமே எல்லாருக்கும் உறங்கும் நேரமாகிவிடுகிறது. தனி அறை இல்லையென்றாலும், பழைய புடவையால் ஒரு மறைப்புக் கட்டி, ஒலியைக் குறைத்து, பிள்ளையின் பக்கம் இருட்டாக்கித் தர முடியும்.

ஏழாம் படி: பகலில் உடல் அசைவு

5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மேடும் படியுமாக இருக்கும் நம் ஊர்களில் நடையே இதில் பெரும்பங்கை நிறைவேற்றிவிடும். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் பிள்ளைகள் வாரக்கணக்கில் வீட்டுக்குள் அடைபடுகிறார்கள். அந்த மாதங்களுக்கு ஸ்கிப்பிங் கயிறு ஒன்று வீட்டில் இருக்கட்டும். படுப்பதற்கு முந்திய ஒரு மணி நேரத்தில் கடுமையான பயிற்சி வேண்டாம்.

எட்டாம் படி: எடையைப் பார்ப்பது எப்படி

நாள்தோறும் எடை பார்க்க வேண்டாம். மாதம் ஒருமுறை, அதே கருவியில், உயரத்தையும் சேர்த்து அளந்தால் போதும். எடையையும் உயரத்தையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை எண்ணுக்குப் பெரியவர்களுக்கான அட்டவணையைப் பதின்பருவத்தினருக்குப் பயன்படுத்தக் கூடாது. வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி வரைபடத்தில்தான் குறிக்க வேண்டும். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2015இல் 5 முதல் 18 வயதுக்கான வரைபடங்களை வெளியிட்டுள்ளது. மருத்துவரிடம் கேட்டால் குறித்துக் காட்டுவார். உயரம் கூடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எடை குறைய வேண்டும் என்ற கட்டாயம் பல நேரங்களில் இல்லை. எடை அப்படியே நின்று உயரம் கூடினாலே விகிதம் சீராகும்.

பலன் தெரியும் வரிசையையும் அறிந்திருப்பது நல்லது. முதலில் காலையில் எழுவது எளிதாகும். பிறகு இரவு நேரத் தின்பண்ட ஆசை தணியும். எடையில் மாற்றம் தெரிய மாதங்கள் ஆகலாம். சிகாகோவிலேயே 2022இல் வெளியான மற்றோர் ஆய்வில், குறைவாக உறங்கிவந்த அதிக எடையுள்ள பெரியவர்கள் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கூடுதலாக உறங்கியபோது, உணவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லாமலே நாளொன்றுக்குச் சராசரியாக 270 கலோரி குறைவாக உட்கொண்டனர். பெரியவர்களின் கணக்கை அப்படியே பிள்ளைகளுக்குப் பொருத்த முடியாது என்றாலும், உறக்கம் கூடினால் உணவு தானாகவே குறையக்கூடும் என்பதை அது காட்டுகிறது.

"குண்டு" என்ற சொல்லை வீட்டில் யாரும், கேலிக்காகவும் சொல்லக் கூடாது. அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளை மறைவாக உண்கிறது, மைதானத்துக்கு வர மறுக்கிறது. என் வகுப்புகளில் இதைக் கண்ணாரக் காண்கிறேன்.

மருத்துவரைப் பார்க்க வேண்டியது எப்போது

பிள்ளை பெரும்பாலான இரவுகளில் உரக்கக் குறட்டை விட்டாலோ, இடையில் மூச்சு நின்று திணறி மீண்டாலோ, எட்டு மணி நேரம் உறங்கியும் வகுப்பில் தூங்கி விழுந்தாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். டான்சில் அல்லது அடினாய்டு வீக்கமோ, உறக்கத்தில் மூச்சுத்தடையோ இருக்கலாம். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடித்தால் இன்சுலின் எதிர்ப்புக்கான, அதாவது இன்சுலின் சரிவரச் செயல்படாத நிலைக்கான, பரிசோதனை தேவை. கழுவினால் போகும் அழுக்கு என்று தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மாதவிடாய் ஒழுங்கற்றுப் போவது, திடீரென எடை ஏறுவது அல்லது இறங்குவது ஆகியவற்றுக்கும் மருத்துவ ஆலோசனை வேண்டும். இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று பிள்ளை சொன்னால் இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடுகிறதா என்று கேளுங்கள். உறக்கம் வராமல் அழுகிறது, எதிலும் விருப்பமில்லை என்றால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல ஆலோசனை எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். அது அரசின் இலவசச் சேவை. உறக்க மாத்திரையை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பது கூடவே கூடாது.

மருத்துவரிடம் போகும்போது குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டால் மட்டும் முடியாதது

காலை எட்டு மணிக்குச் சிறப்பு வகுப்பு, மாலை ஆறு மணி வரை மீண்டும் சிறப்பு வகுப்பு, அதன்பின் மலைப்பாதையில் ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம் என்றிருக்கும் பிள்ளையிடம் ஒன்பதரைக்கு உறங்கு என்று சொல்வது நியாயமில்லை. நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2014இலேயே பரிந்துரைத்தது. நம் பள்ளிகளின் வழக்கமான நேரம் அதற்கு முரணானதன்று. சிறப்பு வகுப்புகள்தாம் பிள்ளையின் இரவைச் சுருக்குகின்றன. தேர்வுக்காகத்தானே என்பார்கள். படித்தது நினைவில் நிலைபெறுவதும் உறக்கத்தில்தான் என்பதால், மார்ச் மாதத் தேர்வை முன்னிட்டு உறக்கத்தைக் குறைப்பது படிப்புக்கே எதிரானது. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் இதை எழுப்பலாம். தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்காவது சிறப்பு வகுப்பைக் காலை, மாலை ஆகிய இரண்டில் ஒன்றாகச் சுருக்கும்படியும், மாலைப் பேருந்தின் நேரத்துக்கு வகுப்பு முடியும் நேரத்தைப் பொருத்தும்படியும் கேளுங்கள். கேட்கும்போது, உங்கள் ஹட்டியிலோ (படுகர் ஊர்) எஸ்டேட்டிலோ உள்ள ஐந்தாறு பிள்ளைகளின் குறிப்பேடுகளைத் தலைமை ஆசிரியரின் மேசையில் ஒன்றாக வைத்துக் கேளுங்கள்.